சிலந்தி தூக்கும் குளவி எந்தக் குடும்பம்? ராமநாதபுரம் கரையோரத்தில் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கரையோர ஊர்களில், சிலந்தியைத் தூக்கிக்கொண்டு போகும் குளவியைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒன்று வீட்டுச் சுவரில் மண் வைத்துக் கூடு கட்டும். ஒன்று ஜன்னல் சட்டத்தின் ஆணித்துளைக்குள் நுழையும். இன்னொன்று வெறும் மணலில், தன்னைவிடக் கனமான சிலந்தியைக் கவ்விப் பின்னோக்கி நடந்தே இழுத்துப் போகும். ஊரில் எல்லாமே வேட்டைக் குளவிதான். செய்யும் தொழில் ஒன்றாக இருப்பதால் மூன்றும் ஒரே வம்சம் என்று புதிதாகப் பார்க்க வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில், சுவரில் மண்கூடு கட்டும் குளவிக்கு மணலில் சிலந்தி இழுக்கும் குளவியைவிடத் தேனீதான் நெருங்கிய சொந்தம்.

நிறத்தையும் கூட்டையும் பார்த்துப் பெயர் வைத்தால் கட்டாயம் தவறும். எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எங்கே ஏமாறுவோம் என்பதைக் கீழே தருகிறோம்.

தொழில் ஒன்று, வம்சம் வேறு

கொடுக்குள்ள குளவிகளில் சிலந்தியைக் கொண்டு குஞ்சு வளர்ப்பவை இரண்டு பெரிய கிளைகளில் வருகின்றன.

முதல் கிளையில் இருப்பது பொம்பிலிடே குடும்பம். உலகெங்கும் சுமார் 5000 சிற்றினங்கள். எல்லாவற்றின் குஞ்சுகளுக்கும் சிலந்திதான் உணவு. இரண்டாவது கிளை, தேனீக்களையும் சேர்த்துக்கொண்ட ஏபாய்டியா என்னும் பெருங்குடும்பம். அதிலுள்ள ஸ்பெசிடே குடும்பத்தில் பெரும்பாலானவை வெட்டுக்கிளியோ கம்பளிப்புழு வகைகளோ பிடிப்பவை. ஆனால் செலிஃப்ரான், கேலிபியான் என்ற பேரினங்கள் சிலந்திக்குத் திரும்பிவிட்டன. அதே கிளையில் கிராப்ரோனிடே குடும்பம்; ஈ, அசுவினி, வண்டு என்று ஆளுக்கொன்றைப் பிடிக்கும் கூட்டம். அதற்குள் டிரைபாக்ஸிலான், பைசன், மிஸ்கோபஸ் ஆகியவை சிலந்தி வேட்டைக்காரர்கள்.

ஆக, சிலந்தி வேட்டை ஓரிடத்தில் ஒரு முறை தோன்றிப் பரவிய பழக்கம் அல்ல. தனித்தனி வம்சங்கள் தனித்தனியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதைத்தான் குவிப் பரிணாமம் என்கிறார்கள்.

ஏன் இத்தனை பேரும் சிலந்தியைத் தேடி வந்தார்கள்? ஒரு காரணம் சிலந்தியின் உடலிலேயே இருக்கிறது. புழுவுக்கு நரம்பு முடிச்சுகள் உடல் நெடுகக் கணுவுக்குக் கணு பரவிக் கிடக்கும். அதனால் புழு பிடிக்கும் அம்மோஃபிலா குளவி ஒரே புழுவைப் பல இடங்களில் கொட்ட வேண்டியிருக்கிறது. சிலந்தியின் நரம்பு முடிச்சுகள் தலைமார்புக்குள் ஒரே திரளாக ஒன்றுசேர்ந்திருக்கின்றன. கால்களுக்கு நடுவே, அடிப்பக்கத்தில், சரியான இடத்தில் கொடுக்கு இறங்கினால் எட்டுக் காலும் ஓய்ந்துவிடும். உயிர் போகாது, அதனால் கறி கெடாது. மென்மையான வயிறு, நிறையப் புரதம், எங்கும் கிடைக்கும் இரை. எந்த வம்சத்துக் குளவியாக இருந்தாலும் இந்த லாபம் ஒன்றுதான்.

ஆனால் வந்து சேர்ந்த வழி வேறு என்பதால் தடயங்கள் மிஞ்சியிருக்கின்றன. பொம்பிலிடே குளவி ஓர் அறைக்கு ஒரே ஒரு சிலந்தியைத்தான் வைக்கும். அது பெரிதாக இருக்கும். தூக்கிப் பறக்க முடியாததால் தரையில் இழுக்கும். பெரும்பாலும் இரையைப் பிடித்த பிறகுதான் குழி தோண்டும். ஏபாய்டியா கிளையினரோ முதலில் கூட்டைத் தயார் செய்துவிட்டுப் பிறகு வேட்டைக்குப் போவார்கள். பறந்தே கொண்டு வருவதால் இரை சிறியது. சிறியது என்பதால் ஓர் அறைக்குப் பல. செலிஃப்ரான் அறையில் பெரும்பாலும் 5-க்கு மேல் சிலந்திகள் இருக்கும், சில சமயம் 20-ஐத் தாண்டும்.

இந்தப் பிரிவினைக்கு நடுவே ஒரு குறும்புக்காரர் உண்டு: ஆப்லோபஸ். பொம்பிலிடே குடும்பத்தில் பிறந்து, மண் பிசைந்து சிறு பீப்பாய் வடிவ அறைகள் கட்டும் குளவி. அறையை முதலில் கட்டிவிட்டுத்தான் வேட்டைக்குப் போகும். பிடித்த சிலந்தியின் கால்களைக் கடித்துத் துண்டித்துவிட்டு, உடலைத் தன் அடியில் வைத்து முன்னோக்கியே நடக்கும். இரை இலேசாக இருந்தால் தத்திப் பறக்கவும் செய்யும். வேலை முறையில் செலிஃப்ரானைப் போலவே மாறிவிட்ட ஒரு பொம்பிலிடே இது. ஆனால் அறையைத் திறந்தால் சிலந்தி ஒன்றுதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் கால் இல்லாமல். இந்த விஷயத்தில் வம்ச வழக்கம் மாறவில்லை.

எதிர்த்திசையில் மிஸ்கோபஸ். ஏபாய்டியா கிளையில் பிறந்த பொடிக் கருங்குளவி. மணலில் விட்டு விட்டு ஓடுவதும் திடீரென நிற்பதும் சின்ன பொம்பிலிடே மாதிரியே இருக்கும். மணற்பாங்கான இடத்தில் நிற்பவர்களைக் கண்டிப்பாக ஏமாற்றும்.

பழைய நூல்களைப் புரட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1758 இல் ஸ்வீடன் இயற்கையாளர் லின்னேயஸ் வேட்டைக் குளவிகளில் பலவற்றைப் பிரிக்காமல் ஸ்பெக்ஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டார். 1897 இல் பிங்ஹாம் இந்தியக் குளவிகளைத் தொகுத்தபோது சூடஜீனியா என்று எழுதியவற்றை இன்று ஆப்லோபஸ் பேரினத்தில்தான் தேட வேண்டும். அவர் சேலியஸ், பொம்பிலஸ் என்று குவித்துவைத்தவை இன்று பல பேரினங்களாகப் பிரிந்துவிட்டன. கிராப்ரோனிடே தனிக் குடும்பமாக நிலைத்ததும் அண்மைக் காலத்தில்தான். சில பத்தாண்டுகளுக்கு முந்தைய புத்தகத்தில் டிரைபாக்ஸிலான் ஸ்பெசிடே என்று இருந்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.

எப்போது, எங்கே, எதைக் கொண்டு

வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தை, மாசியில் செடிகள் தழைத்திருக்கும்போது சிலந்தியும் மிகுதி, குளவியும் மிகுதி. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் திறந்த மணலில் நிற்பது வீண். அந்த நாட்களில் பனையோலை வேலியின் மறைவிலும், உடைமரக் கூட்டத்தின் கிழக்குப் பக்கத்திலும் தேடுங்கள். காலை 7 முதல் 10 வரை, மாலை 4-க்குப் பிறகு. நடுப்பகலில் மணல் கொதிக்கும். தரையில் வேலை செய்யும் குளவிகள் நிழலுக்குப் போய்விடும்.

மணல் குளவிகளுக்கு அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மேடுகளின் ஓரம். துளைக் குளவிகளுக்குப் பழைய பவளக்கல் சுவர், பூச்சில்லாத செங்கல், படகுக் கொட்டகையின் மூங்கில். மண்கூட்டுக் குளவிகளுக்கு ஈரமண் வேண்டும்; இந்த வறண்ட கரையில் அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேடினால் குளவி தானாக வரும். ஊருணிக் கரை, அடிபம்பைச் சுற்றியுள்ள சேறு, கசியும் தண்ணீர்த் தொட்டியின் அடி. அங்கே 15 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் மண்ணுருண்டை எடுக்க வருபவற்றைப் பார்த்துவிடலாம். பூவில் தேன் குடிக்க வருபவற்றுக்கு எருக்கம் பூ நல்ல இடம். வேட்டைக்கே போகாத ஆண் குளவிகளை அங்கேதான் அதிகம் காணலாம்.

கருவி அதிகம் வேண்டாம். 10 மடங்கு பெருக்கும் கை லென்ஸ், கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், 3 செ.மீ. அகல வாயுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குப்பிகள் ஐந்தாறு, ஒரு சிறு அளவுகோல், பென்சில், நோட்டு. மைப்பேனா வியர்வையில் கலைந்துவிடும்.

குளவியைக் குப்பியில் பிடித்தால் வெயிலில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே ஆவி படிந்து எதுவும் தெரியாது, சற்று நேரத்தில் செத்தும் போகும். நிழலில், ஒரு துண்டுக் காகிதத்தோடு வையுங்கள். அசையாத படம் வேண்டுமென்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 5 முதல் 10 நிமிடம் போதும். உறைபெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். படத்தை முடித்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

கொட்டுமா என்றால், கொட்டும்; பெண் மட்டும். தேடி வந்து கொட்டாது, கையில் பிடித்தால் கொட்டும். ‘உலகிலேயே வலி மிகுந்த கொட்டு’ என்று செய்திகளில் வருவது அமெரிக்கக் கண்டத்துப் பெப்சிஸ் குளவியைப் பற்றியது. நம் ஊர் சுவர்க் குளவிக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டி வீட்டுக் கூட்டையெல்லாம் உடைப்பது அநியாயம்.

முதல் படி: எப்படித் தூக்குகிறது

உடலைப் பார்க்கும் முன் நடையைப் பாருங்கள். கிட்டே போனால் இரையைப் போட்டுவிட்டு ஓடிவிடும். 2 மீட்டர் தள்ளி நின்று கவனிப்பது நல்லது.

சிலந்தி பெரியது, குளவி அதைக் கவ்விப் பின்னோக்கி நடக்கிறது என்றால் பொம்பிலிடே. சிலந்தியின் கால்கள் போய்விட்டன, குளவி முன்னோக்கி நடக்கிறது என்றால் ஆப்லோபஸும் அதன் உறவினரும், அதுவும் பொம்பிலிடேதான். சிலந்தி சிறியது, குளவி பறந்து வந்து நேராகக் கூட்டுக்குள் போகிறது என்றால் செலிஃப்ரான், கேலிபியான், டிரைபாக்ஸிலான், பைசன் ஆகியவற்றில் ஒன்று.

எந்தச் சிலந்தி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் கையகலம் விரிந்து கிடக்கும் தட்டையான பெருஞ்சிலந்தியைக் கருப்பு உடலும் செம்மஞ்சள் வயிற்று நுனியும் உள்ள குளவி இழுத்துப் போனால் அது பெரும்பாலும் டாக்கிபொம்பிலஸ் அனாலிஸ். வட்டவலைச் சிலந்தியை மணலில் இழுத்தால் எபிசைரான், பாட்டோசோனெல்லஸ் போன்ற பேரினங்களை எண்ணலாம். இவை குழி தோண்டும் நேரத்தில் இரையைச் செடியின் கவட்டில் தொங்கவிடுவதுண்டு. எறும்பு பறித்துப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அப்படியும் பல சமயம் எறும்புதான் ஜெயிக்கும்.

குளவிக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி சாம்பல் நிறச் சின்ன ஈ விடாமல் தொடர்வதைக் கண்டால், அது குளவி கூட்டில் வைக்கும் இரையில் தன் புழுவைப் போட வருவது. அதையும் எழுதிவையுங்கள், பலர் விட்டுவிடும் தகவல். குளவியிலேயே அப்படி ஒரு திருடர் குலம் இருக்கிறது: பொம்பிலிடேயின் செரோபேல்ஸ். தானாக வேட்டையாடாது. வேறு குளவி சிலந்தியை இழுத்துப் போகும்போது பாய்ந்து, சிலந்தியின் மூச்சறைத் துளையில் முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். ஒரு சிலந்தியைச் சுற்றி இரண்டு வகைக் குளவிகளைக் கண்டால் சண்டை என்று முடிவு கட்டாமல் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உடலில் மூன்று இடங்கள்

நடத்தையைப் பார்க்க வாய்ப்பில்லை, கையில் குளவி மட்டும் இருக்கிறது என்றால் இந்த மூன்று இடங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

முதலில், மார்பின் பக்கவாட்டுச் சுவர். நடுமார்பின் பக்கத் தகட்டில், குறுக்காக ஒரு நேர்க்கோட்டுப் பள்ளம் ஓடி அதை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்தால் பொம்பிலிடே. இந்த ஒரு அடையாளத்துக்காக லென்ஸ் வாங்கலாம். பிளாஷ் அடித்துப் படம் எடுத்தால் பள்ளம் மறைந்துவிடும். வெளிச்சம் சாய்வாக விழும்படி குப்பியைத் திருப்ப வேண்டும். முன்கால்கள் மடங்கி அதன்மேல் கிடந்தாலும் தெரியாது.

இரண்டாவது, கழுத்துப்பட்டை. முன்மார்பின் மேல் தகடு பின்னோக்கிச் சென்று, இறக்கை மூட்டை மூடியிருக்கும் சின்னச் செதிலைத் தொட்டால் பொம்பிலிடே போன்றவை. தொடாமல், முன்னாலேயே ஓர் உருண்டையான மடலாக நின்றுவிட்டால் ஏபாய்டியா. தேனீயிலும் இதே மடல்தான். செலிஃப்ரானையும் ஒரு தேனீயையும் பக்கத்தில் வைத்து இதைப் பார்த்துவிட்டால் தேனீச் சொந்தம் என்று முதலில் சொன்னது விளங்கிவிடும்.

மூன்றாவது, இடுப்பு. செலிஃப்ரானுக்கும் கேலிபியானுக்கும் வயிற்றின் தொடக்கம் நூல் போல நீண்டிருக்கும். பொம்பிலிடேக்கு அப்படி நீண்ட காம்பு கிடையாது. ஆனால் டிரைபாக்ஸிலானின் வயிறு முன்பக்கம் ஒடுங்கி, பின்னோக்கித் தடிப்பதால் தூரத்திலிருந்து காம்பு மாதிரித் தெரியும். இடுப்பை மட்டும் நம்பினால் இங்கே தவறும். டிரைபாக்ஸிலானுக்குக் கண்ணைப் பாருங்கள்: கண்ணின் உள்விளிம்பில் ஆழமான வெட்டு, சிறுநீரக வடிவம். பைசனுக்கும் அந்த வெட்டு உண்டு. இரண்டையும் பிரிக்க முன்னிறக்கை: டிரைபாக்ஸிலானில் துணைவிளிம்பு அறை (முன்விளிம்புக்கு அருகே இறக்கை நரம்புகள் சூழ்ந்த கட்டம்) தெளிவாக ஒன்றுதான் தெரியும், பைசனில் இரண்டு அல்லது மூன்று.

இந்தக் கண்வெட்டு இன்னொரு பொறி. காகிதக் கூடு, பானைக் கூடு கட்டும் வெஸ்பிடே குடும்பத்துக்கும் கண்ணில் வெட்டு இருக்கிறது. அவை ஓய்வில் இருக்கும்போது முன்னிறக்கையை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும், மெல்லிய பட்டை மாதிரித் தெரியும். இறக்கை மடிந்திருந்தால் சிலந்தி வேட்டைக்காரர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஆணா பெண்ணா என்று தெரிய உணர்கொம்பை எண்ணுங்கள். பெண்ணுக்கு 12 கணுக்கள், ஆணுக்கு 13. செத்துக் காய்ந்த பொம்பிலிடே பெண்ணின் உணர்கொம்பு பெரும்பாலும் சுருண்டுவிடும். அடியிலிருந்து எண்ணினால் குழப்பம் வராது.

பொம்பிலிடேக்குள் மேலும் போக விரும்பினால்: பின்காலின் கீழ்த்தண்டு நுனியில் உள்ள முட்கள் நீளம் மாறுபட்டு விரிந்திருந்தால் பொம்பிலினே துணைக்குடும்பம். முட்கள் ஒரே நீளத்தில் ஒடுங்கி நின்று, பெண்ணின் வயிற்றின் இரண்டாவது அடித்தகட்டில் குறுக்கே கூர்மையான பள்ளம் இருந்தால் பெப்சினே. ஆப்லோபஸும், பெருஞ்சிலந்தி பிடிக்கும் ஹெமிபெப்சிஸும் பெப்சினேதான். இதற்குக் கைப்பேசிப் படம் பெரும்பாலும் போதாது, நுண்ணோக்கி வேண்டும்.

ஏமாற்றும் நீலங்கள்

கரையோர வீடுகளில் பளபளக்கும் நீலக் குளவி இரண்டு வரும். ஒன்று கேலிபியான் பெங்காலென்ஸ். இது தானாக மண்வீடு கட்டாது. செலிஃப்ரான் கைவிட்ட கூட்டையும், சுவர்த் துளையையும், மூங்கில் குழலையும் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா, கரப்பான் பிடிப்பது. பச்சை கலந்த நீலம், நடு, பின் தொடைகள் சிவப்பு. கரப்பானின் உணர்கொம்பைக் கவ்வி, அதை அதன் காலாலேயே நடக்கவைத்துக் கூட்டிப்போகும். தொடை சிவப்பாக இருந்தால் கேலிபியான் அல்ல. இந்த ஒரு குறிப்பு போதும்.

கடற்கரை மணலில் கூட்டமாகக் குழி தோண்டி, கோடு போட்ட வயிறும் நீண்ட மூக்குப் போன்ற மேலுதடும் கொண்டிருப்பது பெம்பிக்ஸ். ஈ பிடிப்பது, சிலந்திக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மண்கூட்டுக் குளவியில் நீங்கள் முதலில் காணப்போவது பெரும்பாலும் செலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 1781 இல் ஃபப்ரீசியஸ் பெயரிட்டது, சென்னையின் பழைய பெயரைக் கொண்டு. கருப்பு உடல், மஞ்சள் இடுப்புக் காம்பு, காலில் மஞ்சள். 1845 இல் லெப்பலெத்தியே பெயரிட்ட செலிஃப்ரான் கோரமண்டலிக்கம் என்ற உறவினரும் இருப்பதால், மஞ்சள் காலை மட்டும் பார்த்துச் சிற்றினம் எழுதிவிடாதீர்கள். செலிஃப்ரான் என்று நிறுத்திக்கொண்டால் பாதகமில்லை.

மூன்றாம் படி: கூட்டைத் திறப்பது

மண்கூட்டுக்குள் வைத்த புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. திறந்து பார்த்தால் நடப்பது தெரியும்: அசையாத சிலந்திகளின் மேல் ஒரு முட்டை, அதிலிருந்து வரும் புழு சிலந்திகளைத் தின்று, பழுப்புக் கூட்டுப்புழு உறைக்குள் போய், குளவியாக வெளியே வருகிறது.

வெளியேறிய துளையுள்ள பழைய கூட்டையே முதலில் எடுங்கள். மெல்லிய கத்தியால் சுவரோடு சேர்த்துப் பெயர்த்து, வெள்ளைத் தாளில் வைத்து அடிப்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். அடிப்பக்கத்தில்தான் மண் மெலிந்திருக்கும். மேலிருந்து உடைத்தால் எல்லா அறையும் ஒன்றாக நொறுங்கிவிடும். சிலந்திக் கால்களும் ஓடுகளும் கிடந்தால் சிலந்தி வேட்டைக்காரர். புழுத் தலை ஓடுகள் கிடந்தால் யூமெனினே, அதாவது பானைக் குளவி. மண்கூடு என்ற காரணத்தால் மட்டும் செலிஃப்ரான் என்று எழுதுபவர்கள் பாதிப்பேர் இங்கேதான் தவறுகிறார்கள். ஆப்லோபஸ், செலிஃப்ரான், பைசனின் சில வகைகள், பானைக் குளவி என்று மண் பிசையும் வித்தையும் தனித்தனியே பல வம்சங்களில் வந்திருக்கிறது.

ஒரே கூட்டில் இரண்டு வகை எச்சங்கள் கிடைத்தாலும் வியப்பில்லை. செலிஃப்ரான் விட்ட அறையில் வேறு ஆள் குடிவந்திருப்பார்.

மூடிய அறையை வளர்த்துப் பார்க்க விரும்பினால், அறைக்கு ஒரு குப்பி. நிழலான அறையில், ஈரம் படாமல், சில வாரம். வெளியே வருவது குளவியாகத்தான் இருக்கும் என்பதில்லை. பிறர் கூட்டில் முட்டையிடும், பச்சையாக மின்னும் குயில் குளவி வரலாம், ஈ வரலாம். பயப்பட வேண்டியது மெலிட்டோபியா. 1 முதல் 2 மி.மீ. அளவுள்ள பொடிக் குளவி; ஒரே அறையிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். பஞ்சு அடைப்புக்குள் புகுந்து பக்கத்துக் குப்பிக்குப் போய், நீங்கள் வளர்ப்பது முழுவதையும் அழித்துவிடும். அதனால் பஞ்சு வேண்டாம், இறுகும் மூடி போடுங்கள். ஒரு குப்பியில் அதைக் கண்டால் அந்தக் குப்பியை அப்படியே உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள்.

துளைக் குளவிகளுக்குக் குழல்கட்டு வைக்கலாம். உள்விட்டம் 4 முதல் 10 மி.மீ. வரை உள்ள நாணல், சிறு மூங்கில் குழல்கள், 15 செ.மீ. நீளம், ஒரு முனை கணுவால் மூடியிருக்க வேண்டும். இரு பக்கமும் திறந்த குழலில் பெரும்பாலும் எதுவும் குடியேறாது. 15 அல்லது 20 குழலைக் கட்டி, வாய்ப்பக்கம் மழைச்சாரல் படாத திசையில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், தாழ்வாரத்தின் நிழலில் ஆடாமல் கட்டுங்கள். காற்றில் ஆடினால் குளவி வராது. தொங்கவிடும் கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஒரே இரவில் காலிசெய்துவிடும்; உப்புக்காற்றில் தூசி படிந்து கிரீஸ் இறுகும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகத் தடவ வேண்டும். ஒடுங்கிய குழலில் டிரைபாக்ஸிலான், அகன்றதில் கேலிபியான் வர வாய்ப்பு. குழலின் வாய் மண்ணால் அடைபட்டதும் நீளவாக்கில் பிளந்து, பார்த்துவிட்டு, நூலால் கட்டி மூடிவையுங்கள். உள்ளே இலைத் துண்டுகள் இருந்தால் இலைவெட்டித் தேனீ, பச்சைப்புழு இருந்தால் பானைக் குளவியின் உறவினர்.

தொடக்கூடாதவை

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது; பூச்சி பார்ப்பதற்கும் அதே விதிதான்.

ராமேசுவரம் தீவில் பழைய புளியமரப் பொந்துகளிலும் பனையிலும் குச்சி விட்டுக் கிண்டாதீர்கள். 2004 இல் அனுமவிலாசம் தோப்பிலிருந்து விவரிக்கப்பட்ட போசிலோதீரியா அனுமவிலாசுமிகா என்ற பெருஞ்சிலந்தி அங்கே வாழ்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) பட்டியலில் மிக அருகிய இனம். பொந்து உடைந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை.

மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பூச்சி பிடிக்கும் முறையைத் தொடக்கத்தில் கையாள வேண்டாம். வேண்டாததெல்லாம் விழுந்து சாகும். ஆடு வந்து குடித்துவிட்டும் போகும்.

பதிவு

செத்துக் கிடந்த குளவி கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். ஊசியை நடுமார்பின் வலப்பக்கமாகக் குத்துங்கள்; இடப்பக்கப் பள்ளமும் மடலும் சேதமாகாமல் இருக்கும். கரையோர ஈரத்தில் இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பை, ஒரு நாப்தலின் உருண்டை. ஜெல் நிறம் மாறியதும் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம், நன்றாகக் காயாவிட்டால் வாணலியில் இளஞ்சூட்டில்.

உயிருள்ளதற்குப் படம் ஐந்து கோணம்: பக்கவாட்டில் மார்பு, முகம் நேராக, மேலிருந்து விரிந்த இறக்கை, பின்கால், இடுப்பு. இவற்றோடு இரையும் கூடும் இருந்தால் தனிப்படம், அளவுகோலுடன். முதுகுப் படம் ஒன்றை மட்டும் எடுத்து, உயிரினப் படங்களுக்குப் பிறர் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டுவிட்டுப் பெயர் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் நிறைய. முதுகில் பெயர் எழுதியிருப்பதில்லை.

குறிப்பில் இடம் (ஊர், அதற்குள் எந்த இடம்), தேதி, நேரம், தூக்கிய விதம், சிலந்தி வகை, தரை எப்படி, காற்று எந்தத் திசை. உதாரணமாக: ‘உச்சிப்புளி, உடைமரத்தடி மணல், காலை 8.20, வட்டவலைச் சிலந்தி, பின்னோக்கி இழுத்தது, பக்கப் பள்ளம் உண்டு, பொம்பிலிடே, பேரினம் தெரியவில்லை.’ குடும்பத்தோடு நின்ற இப்படி ஒரு வரி பின்னால் வரும் ஆய்வாளருக்கு உதவும். ஊகித்து எழுதிய சிற்றினப் பெயரை அவர் முதலில் அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.